மயிலாள் வெட்டிய நூல்

அத்தியாயம் 14

யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்காதவர்கள் அந்த வாரம் முதலிபாளையம் பஸ்ஸில் ஒருவர்கூட இல்லை. தொழிற்பேட்டையை ஒட்டிய காலி மைதானத்தில் தென்னை மர உயரத்துக்கு இரும்புக் குழாய்களை நட்டு, குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்து வைத்திருந்தால் வேறு என்னதான் நினைப்பார்கள்? கல்யாணமும் இல்லை, கட்சி மாநாடும் இல்லை, சும்மா பார்ப்பதற்குத்தான் என்று கண்டக்டர் சொன்னால், பார்த்து என்ன செய்வது என்று அடுத்த கேள்வி வரும். அதற்குக் கண்டக்டரிடம் பதில் கிடையாது.

உண்மையைச் சொன்னால், மயிலாளிடமும் கிடையாது. அவள் கணவர் அங்கமுத்துதான் அந்தப் பந்தலுக்குத் துணி தைத்துக் கொடுத்தவர். ஒரே மகள் பிரியங்காதான் தலையில் தொப்பியும் கையில் செல்போனுமாக கிரேன்காரரை ஏவிக்கொண்டிருப்பவள். வீட்டில் மூன்று பேரில் இரண்டு பேர் அதே வேலையாக இருந்தும், அது என்ன வேலை என்று மயிலாளுக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் இல்லை. கேட்பதில்லை என்று வீம்பாக இருந்தாள்.

வீம்புக்குக் காரணம் போன வாரம் வந்தது. தூத்துக்குடிக்காரி ரோஸ்மேரி, பரோடாவில் இருந்து கலை வேலை செய்பவள், மூன்று நாள் நகர விழாவுக்காகத் திருப்பூர் பனியன் துணியிலேயே ஒரு பெரிய பந்தல் போட வந்திருக்கிறாள் அல்லவா? நல்லூரில் அங்கமுத்துவின் சின்னத் தையல் யூனிட்டைச் சுற்றிப் பார்க்கப்போனவள், டெய்லர்கள் துணியை இழுத்து எடுக்கும்போது தையல் முனையில் நூல் வால் மாதிரித் தொங்குவதைப் பார்த்தாள். அதிலிருந்துதான் யோசனை பிறந்தது. வெள்ளைத் துணி ஆகாயம் மாதிரி மேலே இருக்க, அதிலிருந்து கை நீள நூல்கள் ஆயிரக்கணக்கில் தொங்க, ஜனங்கள் அடியில் நடந்துபோவார்கள். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் பிரித்து, கழிவுத் துணி வாங்குகிற வேஸ்ட் கடைக்குப் போட்டுவிடலாம்.

அதோடு விட்டாளா? கூடமாட நின்று வேலை பார்த்த பிரியங்காவின் சூட்டிகையைக் கண்டு, விழா முடிந்ததும் ஒரு வருடம் என்னோடு பரோடாவுக்கு வந்துவிடு, கற்றுக்கொள்ளலாம் என்று கூப்பிட்டும் விட்டாள். யோசிக்கலாம் என்றார் அங்கமுத்து. மயிலாள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அங்கேதான் அவளை விட்டோம்.

இன்று திங்கட்கிழமை. நாளைக் காலை விழா.

இட்லித் தூக்குடன் மயிலாள் மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது முதல் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு துணியைக் கம்பியில் கோத்து நாலு பேர் கயிற்றை இழுக்க, அது மெல்ல மேலே போய்க் காற்றில் விரிந்தது. மயிலாள் அண்ணாந்து பார்த்தாள். வெள்ளை வெளேரென்று, ஒரு பிசிறு இல்லாமல், இஸ்திரி போட்டு நிறுத்தின மாதிரி இருந்தது. வீம்பையும் மீறி அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நம் டேபிளில் இருந்து போன சரக்கல்லவா?

"நூலைக் காணோம்" என்றாள் பிரியங்கா.

கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிரியங்கா அடுத்த மூட்டையின் வாயை அவிழ்த்துக் கையை விட்டுத் துழாவினாள். பிறகு அடுத்தது. ஒவ்வொன்றிலும் துணி மொழுமொழுவென்று வந்தது. அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனதை மயிலாள் பார்த்தாள். என்ன கெட்டுப்போயிற்று என்று விளங்காதவள் மாதிரி நின்றாள்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை அங்கமுத்து கொமரலிங்கத்தில் தங்கை வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார். தைத்து முடித்த துணிகள் மூட்டை மூட்டையாக யூனிட்டில் கிடந்தன. நூலை விட்டுத் தைக்க வேண்டும் என்று அவர் டெய்லர்களிடம் சொல்லியிருந்தார். செக்கிங் டேபிளில் சொல்லவில்லை. அந்த மூட்டை அங்கே வரவே போவதில்லை என்ற நினைப்பு. செக்கிங் டேபிள் என்பது மயிலாளின் சமஸ்தானம். குழந்தையம்மாளையும் மற்றப் பெண்களையும் வைத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் அத்தனை நூலையும் ஒட்ட வெட்டி, துணியை மடித்து, மூட்டையைத் திரும்பக் கட்டிவைத்துவிட்டாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. நூல் தொங்கினால் சரக்கு திரும்பி வரும் என்பது அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு முழு லாட் அப்படித் திரும்பி வந்தது. சரக்கு வாங்குகிற பையருடைய ஆள் ஒரு நூலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, செத்த எலியைக் காட்டுகிற மாதிரி எல்லோருக்கும் காட்டினான். அன்றைக்கு நூல் வெட்டுகிற டிரிம்மரைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டவள்தான், இன்னும் கழற்றவில்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில் மொய் எழுத மேடையேறிய இடத்தில் மாப்பிள்ளையின் சட்டைக் கை நூலை வெட்டிவிட்டு வந்தவள் அவள். பெண் வீட்டார் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பிரியங்கா நேரே வந்து எதிரில் நின்றாள்.

"நீங்க வெட்டுனீங்களா?"

ஊரெல்லாம் ஒருவரை ஒருவர் வாங்க போங்க என்று பேசினாலும், பிரியங்கா தாயை மட்டும் நீ என்றுதான் கூப்பிடுவாள். அந்த வீட்டில் அம்மாவுக்கு நீங்க வந்தால் நிலவரம் சரியில்லை என்று அர்த்தம்.

"பிசிறாத் தொங்குச்சு கண்ணு" என்றாள் மயிலாள்.

அதற்குள் அங்கமுத்து ஓடி வந்தார். "என்ன காரியம் பண்ணிப்போட்ட மயிலா" என்று தலையில் கை வைத்தவர், ரோஸ்மேரி பக்கம் திரும்பியதும் குரலைத் தணித்துக்கொண்டார். "அவளுக்குத் தெரியாதுங்கம்மா. செக்கிங்ல சொல்லாம ஊருக்குப் போனது என்னோட தப்புங்க."

"நான் சொன்னேனுங்கப்பா" என்றாள் பிரியங்கா. "சனிக்கிழமை காலைல கெளம்பறப்ப மாடிப்படியில நின்னு சொன்னேன். மூட்டையத் தொட வேண்டாம், நூலு அப்படியே தொங்கோணும்னு."

எல்லோரும் மயிலாளைப் பார்த்தார்கள். அவள் தூக்குப் பாத்திரத்தைப் பார்த்தாள். அன்றைக்கு யூனிட்டில் கரண்டு போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருந்து கத்தினாலே கேட்காது என்று கூட வந்திருந்த குழந்தையம்மாள் எடுத்துக் கொடுத்தாள். அங்கமுத்து அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். ஆமாம், பழைய ஜெனரேட்டர், நெம்பச் சத்தம் என்று நாலு பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். மயிலாள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் நடுவில் பந்தலுக்குச் சொந்தக்காரி ரோஸ்மேரி அங்கிருந்து நகர்ந்தாள். மேலே ஏறிய துணிக்கு அடியில் போய் நின்றாள். பிறகு வெறும் மண்ணில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு பார்த்தாள். எழுந்து முதுகு மண்ணைத் தட்டியபடி வந்தவள் மயிலாளிடம் சொன்னது யாரும் எதிர்பாராதது.

"இதுவும் ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்குக்கா. நூலை வெட்டுத ஊருதான இது, அதான் வெட்டிட்டு. இப்படியே தொங்கவிட்டுருவோமா?"

மயிலாளுக்குத் தலை சுற்றியது. தப்பு என்கிறார்கள், தப்பால் நஷ்டப்பட்டவள் நல்லாயிருக்கு என்கிறாள். இவள் கிண்டல் செய்கிறாளா, மெய்யாகச் சொல்கிறாளா? மூன்று நாளில் பிரித்துப் போடப்போகிற பொருளுக்கு எது சரி, எது தப்பு என்று யார் தீர்மானிப்பது?

பிரியங்காதான் ஒத்துக்கொள்ளவில்லை. அக்கா வரைந்தது இது இல்லை, வரைந்த மாதிரி வராவிட்டால் ஏற்றுவதே வேண்டாம் என்று நின்றாள். முழுப் பந்தலுக்கும் முடியாது. நடுவில் ஜனங்கள் நடக்கிற பாதைக்கு மேலே உள்ள துணிகளுக்காவது சாயங்காலத்துக்குள் கையால் நூல் கோத்துவிடலாம் என்றாள். சரி, உன் இஷ்டம் என்று ரோஸ்மேரி விட்டுவிட்டாள்.

வெட்டிய நூலையே திரும்பக் கொண்டு வருகிறேன் என்று அங்கமுத்து டிவிஎஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு பழனிமுத்துவின் வேஸ்ட் கடைக்குப் பறந்தார். பதற்றத்தில் மனிதருக்கு மூளை வேலை செய்யவில்லை. வெட்டிப்போட்ட நூலை என்ன பசை போட்டு ஒட்டுவது? போய் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டும் வந்துவிட்டார். பிரித்தால் உள்ளே சிவப்பும் கறுப்புமாக யாரோ வீட்டு ஜட்டி எலாஸ்டிக். அந்தக் காலையில் முதல் முறையாக மைதானத்தில் நாலு பேர் சிரித்தார்கள். பிரியங்கா சிரிக்கவில்லை. அவர் மறுபடி போய் வெள்ளை நூல் கோன்களும் கையூசிகளும் வாங்கி வந்தார்.

பாயை விரித்துப் பெண்கள் உட்கார்ந்தார்கள். பேட்டை கம்பெனிகளில் இருந்து தெரிந்த பெண்கள் சிலரும் சோற்று நேரத்தில் எட்டிப் பார்த்து, என்ன வேலை என்று கேட்டு, பதில் புரியாமலே ஊசியைக் கையில் வாங்கிக்கொண்டார்கள். துணியில் ஊசியை ஏற்றி, முடிச்சுப் போட்டு, கை நீளம் விட்டு நூலை அறுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. குழந்தை கூடச் செய்துவிடும்.

மயிலாளால்தான் முடியவில்லை. முடிச்சுப் போட்டதும் கை தானாகக் கழுத்து டிரிம்மருக்குப் போய் நூலை ஒட்ட வெட்டியது. மூன்றாவது தடவையும் அப்படியே ஆனதும் கயிற்றோடு கழற்றிக் குழந்தையம்மாளிடம் கொடுத்தாள்.

"இத நீயி வெச்சுக்க. நான் கேட்டாலும் குடுக்காத."

குழந்தையம்மாள் அதை மடியில் செருகிக்கொண்டு பெருமூச்சு விட்டாள். "இத்தன வருசமா ஒரு நூலு தொங்குனா உசுரை வாங்குவீங்க. இன்னைக்குத் தொங்க உடலைன்னா உசுரை வாங்கறீங்க. நாளைக்கு என்ன சொல்லப்போறீங்களோ, வயசான காலத்துல நான் இப்பவே தயாரா இருந்துக்கறேனுங்க."

மயிலாள் அடுத்த துணியை மடிக்கு இழுத்தாள். அவள் மனம் சனிக்கிழமை காலையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

கரண்டு போயிருந்தது நிஜம். ஜெனரேட்டர் ஓடியதும் நிஜம். பிரியங்கா மாடிப்படியில் நின்று ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது நன்றாக நினைவிருக்கிறது. மூட்டை என்று காதில் விழுந்த மாதிரி இருக்கிறது. விழாத மாதிரியும் இருக்கிறது. என்ன என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெண் பரோடாவுக்குப் போகிறேன் என்று குதித்துக்கொண்டிருக்கும்போது அவளிடம் என்ன பேச்சு என்றிருந்தது.

பிறகு மூட்டையைப் பிரித்தாள். முதல் துணியில் நூல் தொங்குவதைப் பார்த்ததும் கை வெட்டியது. அதுவரை சரி. அடுத்த துணியை எடுத்தாள். அதிலும் அதே நீளம். அதற்கடுத்ததிலும் அதே நீளம். எந்த டெய்லர் இவ்வளவு நூலை வீணடிப்பான்? அளந்து விட்ட மாதிரி அத்தனையிலும் ஒரே அளவாக எப்படி வரும்? கையில் டிரிம்மரோடு அவள் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தது உண்மை. ஏனுங்க, வெட்டறதா வேண்டாமா என்று குழந்தையம்மாள் கேட்டதும் உண்மை. வெட்டுங்க என்று அவள் சொன்னதும் உண்மை. அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன நினைத்தாள் என்பதுதான் இப்போது பிடிபட மாட்டேன் என்கிறது. பழக்கமா, கோபமா? தன் மனசே தன்னிடம் இப்படிக் கண்ணாமூச்சி ஆடும் என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாது.

வெயில் சாய்ந்த நேரத்தில் பிரியங்கா இரண்டு டம்ளர் மோரோடு வந்து பாயில் உட்கார்ந்தாள். தொப்பியைக் கழற்றியதும் நெற்றியில் வெயில் கோடு தெரிந்தது. கால்வாசி வேலைதான் பாக்கி, ஏழு மணிக்குள் ஏற்றிவிடலாம் என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். பிறகு ஒரு டம்ளரைத் தாயின் பக்கம் நகர்த்தினாள்.

"அத்தன பேரு முன்னால நான் அப்படிக் கேட்டிருக்கக்கூடாதும்மா. ஜெனரேட்டர் ஓடுறப்ப சொல்லிட்டு ஓடுனது என் தப்பு. கிட்ட வந்து சொல்லியிருக்கோணும்."

மயிலாள் மோரை வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

"இன்னொண்ணு" என்றாள் பிரியங்கா, குரலைத் தாழ்த்தி. "வெள்ளிக்கிழமையே ரோஸ்மேரிக்காகிட்ட நான் வரலைன்னு சொல்லிப்போட்டேன். உன்னைய உட்டுப்போட்டு அத்தன தூரம் போயி இருக்க எனக்கு மனசு வரலை. அப்பாகிட்டக்கூட இன்னும் சொல்லலை. விழா முடிஞ்சு சொல்லலாம்னு இருந்தேன்."

வயிற்றில் பால் வார்த்தாள் மகள். குழாயடியில் குடத்தோடு நின்று, மாரியாத்தா, என் பிள்ளையை அனுப்பிவிடாதே என்று கும்பிட்டது வீண்போகவில்லை. இனி எந்தப் பரோடாவும் கிடையாது. நல்லூர் வீடு, யூனிட், காலையில் இட்லி, ராத்திரி மூன்று பேருமாக டிவி. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது மயிலாளுக்கு.

அடுத்த நிமிடமே நெஞ்சில் ஒன்று இடித்தது. வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டாளா? அவள் டிரிம்மரை எடுத்தது சனிக்கிழமை.

இருக்கிறேன் என்று முடிவு செய்துவிட்ட பிள்ளையின் வேலையைத்தான் உட்கார்ந்து வெட்டியிருக்கிறாள். அப்படி நினைத்த உடனேயே, காலையிலிருந்து ஓடி ஒளிந்துகொண்டிருந்தது எதிரில் வந்து நின்றுவிட்டது. அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன நினைத்தாள் என்பது இப்போது நன்றாகத் தெரிந்தது.

பேசாமல் இருந்திருக்கலாம். எல்லோரும் மன்னித்தாகிவிட்டது. மகள் தானாக வந்து மன்னிப்பும் கேட்டாகிவிட்டது. மோரைக் குடித்துவிட்டு ஊசியை எடுத்திருந்தால் நம் கதையே இந்த வாரத்தோடு சுபமாக முடிந்திருக்கும். ஆனால் வாய் திறந்துகொண்டது.

"கேட்டுச்சு கண்ணு."

"என்னதும்மா?"

"நீ படியில நின்னு சொன்னது. முழுசாக் கேக்கலை. நூலு, தொங்கோணும், அவ்வளவுதான் கேட்டுச்சு. அது போதுமே." மயிலாள் டம்ளரைக் கீழே வைத்தாள். "மொதோ துணியக் கை வெட்டிப்போடுச்சு சாமி. ரெண்டாவதுல இருந்து நாந்தான் வெட்டுனேன். இது கெட்டுப்போனா உன்னைய அந்தம்மா கூட்டிட்டுப் போவாதுன்னு நெனச்சேன்."

பிரியங்கா தாயின் மடியில் கிடந்த துணியையும் அதில் அவள் புதிதாகக் கோத்திருந்த நூல்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குழந்தையம்மாள் ஊசிக்கு நூல் கோப்பதில் மும்முரமாக இருப்பது போல நடித்தாள். கிரேன் சத்தம் ஒரு தடவை வந்து நின்றது.

"யாருக்கும் தெரியாது. நானே மறந்திருப்பேன். இத எதுக்கும்மா எங்கிட்டச் சொன்ன?"

"தெரியலியே கண்ணு" என்றாள் மயிலாள். மெய்யாகவே தெரியவில்லை.

பிரியங்கா எழுந்தாள். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏணிக்குப் பக்கத்தில் நின்ற ரோஸ்மேரியிடம் போனாள். ஓடவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. காற்று இந்தப் பக்கமாக அடித்ததால் பேசியது பாய் வரைக்கும் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை டிரெயினுக்கு எனக்கும் சேத்து டிக்கெட் போட்டுருங்கக்கா."

ரோஸ்மேரி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை ஒண்ணு சொன்ன, இன்னைக்கு ஒண்ணு சொல்லுத. வீட்டுல கேட்டுட்டியா?"

"கேட்டாச்சுங்கக்கா" என்றாள் பிரியங்கா.

மயிலாள் மகளின் முதுகையே பார்த்தாள். கோபத்தில் போகிறாளா? அல்லது இப்படி ஒரு தாயின் கைக்குள் இருந்தால் எதுவும் முழுசாக வளராது என்று நினைத்துவிட்டாளா? திரும்பிப் பார்த்திருந்தாலாவது முகத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்கலாம். அவள் திரும்பவில்லை, கிரேன்காரருக்குக் கையைக் காட்டினாள். நூல் கோத்த முதல் துணி கம்பியில் ஏறத் தொடங்கியது. மேலே போய் நின்றதும் நூல்கள் ஒவ்வொன்றாகச் சிக்கல் விட்டு இறங்கி, கூட்டமாகக் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. வேடிக்கை பார்க்க நின்ற ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. இதையா வெட்டினேன் என்றிருந்தது மயிலாளுக்கு. மடியில் இன்னும் கொஞ்சம் துணி பாக்கி இருந்தது. அவள் ஊசியை எடுத்து அடுத்த முடிச்சைப் போட்டு, கை நீளம் அளந்து நூலை விட்டாள்.

இன்னொரு கோன் கட்டையோடு அங்கமுத்து வந்தார். வேலை ஒருவழியாக முடிந்துவிடும் என்ற தெம்பில் இருந்தார் அவர். காலையில் கத்தியதை மனதில் வைத்துக்கொள்ளாதே, புள்ளைக்கும் கோபம் போயிருக்கும், ராத்திரி மூன்று பேருமாக வெளியில் சாப்பிடலாமா என்று கேட்டார்.

"ஏனுங்க" என்றாள் மயிலாள், துணியில் இருந்து கண்ணை எடுக்காமல். "போற வழியில நம்ம அம்முணிக்கு ஒரு பெட்டி வாங்கோணும். சக்கரம் வெச்சது. நல்லதாப் பாத்து வாங்குங்க."

அங்கமுத்து மனைவியையும், தூரத்தில் நின்ற மகளையும் மாறி மாறிப் பார்த்தார். எதற்கு என்று கேட்க வாயெடுத்தவர், மயிலாளின் முகத்தைப் பார்த்ததும் கேட்காமல், செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்.